இன்னும் நாள் கிடக்கு

கையை வைத்துப் பார்க்காமல் அவர் எதற்கும் ஓம் சொன்னதில்லை.

நான் அவரை அக்கா என்றுதான் அழைத்தேன். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். அதன் இரண்டாம் மாடியில் பன்னிரண்டு அறைகள். அங்கே ஏழு வருடங்கள் இருவரும் ஒரே பிரிவில் பராமரிப்பு வேலை செய்தோம். நான் ரொம்சோசிலிருந்து வருவேன், அவர் லோறென்ஸ்கூக்கிலிருந்து வருவார். காலை வேலை ஏழரை மணிக்குத் தொடங்கும். உடுப்பு மாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றும்போதே இருவருக்கும் களைப்பாக இருக்கும். கதை குறைவு. "நித்திரை கொண்டனீங்களோ தம்பி?" என்பார். "கொண்டனான் அக்கா" என்பேன். இரண்டு பேரும் கொள்ளவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தக் கை ஒரேயொரு முறைதான் பிழை செய்தது என்று நான் நினைத்திருந்தேன். அன்றும் பிழைக்கவில்லை என்று பின்னர் அவரே என்னிடம் சொன்னார். எப்படியிருந்தாலும், ஒரு பெண் தன் தகப்பனின் கடைசி நேரத்துக்கு வந்துசேராமல் போனார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்கா எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அதைச் சொன்னால், அவர் கவனமில்லாத ஆள் என்று நினைத்துவிடுவார்கள். அவரைப்போலக் கவனமான ஆளை நான் கண்டதில்லை.

நகரத்தில் தமிழ்க் கடைக்கு மாம்பழப் பெட்டி வந்திறங்கும் நாளில் அவரோடு போனால் வீடு திரும்பப் பொழுதுபட்டுவிடும். ஒவ்வொரு பழமாக எடுத்து, காம்படியில் பெருவிரலை வைத்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு நிற்பார். கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "அக்கா, மாம்பழம் வாங்க வந்தனீங்களோ, பொம்பிளை பாக்க வந்தனீங்களோ?"

"பொம்பிளை பாக்கிறதெண்டா இவ்வளவு நேரம் மினக்கெடமாட்டன்" என்றார் அக்கா, பழத்திலிருந்து விரலை எடுக்காமலே.

அவர்கள் வீட்டுக் குசினி யன்னலுக்கு வெளியே அண்ணை, அதாவது அவருடைய கணவர், ஒரு வெப்பமானி பூட்டியிருந்தார். அக்கா அதைப் பார்த்ததேயில்லை. புறங்கையைக் கண்ணாடியில் ஒருகணம் வைப்பார். "இண்டைக்கு ரெண்டு காலுறை போடுங்கோ" என்பார்.

"இஞ்சரப்பா, மைனஸ் ஒன்பது எண்டு இதிலை வடிவாக் காட்டுது."

"அது அதின்ரை குளிர். உங்கடை காலுக்கு எவ்வளவு எண்டு அதுக்கென்ன தெரியும்?"

எதையும் முன்கூட்டிச் சொல்லமாட்டார். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு அழைத்தால், "அண்டைக்குப் பாப்பம்" என்பார். கோயில் தேருக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது என்று கேட்டால், "அரிசியிலை கை வைக்கேக்கை சொல்லுறன்" என்பார். திமிர் பிடித்த பெண் என்று பலர் சொன்னார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது: சொன்ன சொல்லை மாற்ற நேர்ந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அதனால் சொல்லே கொடுப்பதில்லை.

எங்கள் பிரிவில் அவருடைய கைக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. முதியவர்களைக் காலையில் கழுவித் துடைத்த பின், அக்கா அவர்களுடைய பாதங்களைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு முழங்கால். பிறகு புறங்கை. வெளியே வந்து என்னிடம் இரண்டில் ஒன்று சொல்வார். "இன்னும் நாள் கிடக்கு" என்பது ஒன்று. மற்றது, "பிள்ளையளுக்குச் சொல்லச் சொல்லுங்கோ." வைத்தியர் கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். பிரிவுப் பொறுப்பாக இருந்த தாதி ஒரு நோர்வேஜியப் பெண், கண்டிப்பானவர். தொடக்கத்தில் இதைக் கேட்டுச் சிரித்தார். ஒரு பனிக்காலம் கழிந்த பின், உறவினருக்குத் தொலைபேசி எடுக்குமுன், "உன் கை என்ன சொல்கிறது?" என்று அக்காவைக் கேட்கத் தொடங்கினார். நான் என் குறிப்பேட்டில் எழுதிவைத்த அளவில், அந்த ஒரு நாள்வரை அது ஒருமுறையும் தவறவில்லை.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. கட்டிலில் கிடந்தவர்களும் இதைக் கவனித்தார்கள். ஆறாம் அறைக் கிழவி ஒருநாள் கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "நீ என் காலைத் தொடாதே, அவன் தொடட்டும்" என்று என்னைக் காட்டினாள். அக்கா சிரித்துவிட்டு வெளியே வந்தார். அடுத்த நாளிலிருந்து அந்த அறைக்கு என்னைத்தான் அனுப்பினார். 

இனி அந்தக் கொடி.

அக்காவும் அண்ணையும் லோறென்ஸ்கூக்கில் வாங்கியது வரிசை வீடுகளில் கடைசி வீடு. விற்றவர் ரயில் பாதை வேலையில் இருந்து ஓய்வுபெற்ற நோர்வேஜியர், மனைவியை இழந்தவர். வீட்டின் தெற்குச் சுவரில் கூரைவரை கயிறுகள் கட்டி ஒரு கொடி ஏற்றியிருந்தார். ஹும்ல என்பார்கள் நோர்வேயில், ஆங்கிலத்தில் ஹொப்ஸ். பியருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது அதன் காய்தான். காய் என்று அக்கா சொல்வார். உண்மையில் அது பூ. சவுக்கங்காயின் அளவில், மெல்லிய பச்சை இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலிருக்கும். பனிக்காலத்தில் கொடி முழுதும் செத்துப்போகும். மே மாதத்தில் மண்ணிலிருந்து திரும்ப முளைத்து, ஓகஸ்ட்டுக்குள் கூரையைத் தொட்டுவிடும்.

வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்த நாளில் அந்த மனிதர் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். கொடியை வெட்டவேண்டாம். செப்டம்பரில் ஒருநாள் வந்து காயைப் பிடுங்கிக்கொண்டு போவேன். நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டில் பியர் காய்ச்ச அது வேண்டும்.

அண்ணைக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். "வீட்டை வித்துப்போட்டுச் சுவரைத் தான் வைச்சிருக்கிறான். நாளைக்குச் சனம் என்ன சொல்லும்? சாராயக் கொடி வளக்கினமாம் எண்டு சொல்லும்" என்றார்.

"புடலங்கொடி எண்டு சொல்லுங்கோ" என்றார் அக்கா. "எட்டத்திலை நிண்டு பாக்கிறவைக்கு என்ன தெரியப்போகுது?"

முதல் செப்டம்பரில் பழைய வீட்டுக்காரரால் வர முடியவில்லை. இடுப்பில் சத்திரசிகிச்சை. நீங்களே பிடுங்கிக் காயவைத்துத் தாருங்கள் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். அக்கா ஏணி வைத்து ஏறி, ஒரு நாள் முழுதும் பிடுங்கினார். அந்தக் கொடியின் தண்டு அரம் போன்றது. முழங்கைவரை சிவப்புக் கீறல்களோடு மறுநாள் வேலைக்கு வந்தார். பிடுங்கிய காயைப் பிரித்துப் பார்த்தபோது இதழ்களின் அடியில் மஞ்சளாகத் தூள் ஒட்டிக்கிடந்ததாம். தூசி, இல்லாவிட்டால் ஏதோ பூச்சி மருந்து என்று நினைத்திருக்கிறார். தமிழ்க் குசினியில் எதுவும் கழுவாமல் காய்வதில்லை. பெரிய சட்டியில் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு, கீரை அலசுவதுபோல மூன்று தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாமல் கழுவி, பிறகு கறிவேப்பிலை காயவைப்பதுபோலத் துணியில் பரப்பிக் காயவைத்தார்.

பழைய வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு வந்து பையைத் திறந்து மணந்தார். திரும்பவும் மணந்தார். ஒரு காயைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதைக் கழுவினாயா?"

"ஓம்" என்றார் அக்கா, பெருமையோடு. "மூன்று தரம்."

அந்த மனிதர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகிறார் என்று அக்கா பயந்தாராம். சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் தூள்தான் சரக்கு. கசப்பும் மணமும் அதில்தான் இருக்கிறது. அதைத்தான் அக்கா மூன்று தண்ணீரில் குழாயோடு அனுப்பியிருந்தார். ஆனாலும் அவர் அந்தக் காயைப் போட்டே அவ்வருடம் பியர் காய்ச்சினார். நத்தாருக்கு ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுத்தார். வெறும் இனிப்புத் தண்ணீர், யாரும் குடிக்கமாட்டார்கள், ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்றார். இரண்டு நாளில் போத்தல் காலியாக இருந்தது.

"நல்லாத்தானே கிடந்தது" என்றார் அண்ணை.

அடுத்த வருடத்திலிருந்து அக்கா அந்தக் கொடியைச் சும்மா விடவில்லை. ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து, வேலைக்குப் புறப்படுமுன் சுவரடியில் நின்று ஒரு காயை விரல்களுக்கிடையில் அழுத்திப் பார்ப்பார். எனக்கும் ஒருமுறை காட்டினார். முற்றாத காய் ஈரப்பஞ்சு மாதிரி. அழுத்தினால் அப்படியே அமுங்கிக் கிடக்கும், வெட்டிய புல் மணக்கும். முற்றியது காற்றைப்போல இலேசு. காதருகே பிடித்து உருட்டினால் தாள்போலச் சரசரக்கும், அழுத்தி விட்டால் விரலோடு எழும்பிவரும், பிசின் ஒட்டும். மணம் எலுமிச்சந்தோலுக்கும் புதிதாகச் சீவிய பலகைக்கும் நடுவில். தவறவிட்டால் மஞ்சள் தூள் செம்மஞ்சளாகி வெங்காய மணம் வந்துவிடும். இதற்கும் அதற்கும் இடையில் கிடைப்பது சில நாட்கள்தான். அதற்குள் மழையும் வரும், உறைபனியும் வரும்.

பழைய வீட்டுக்காரருக்கு நாற்பது வருடப் பழக்கம், செப்டம்பர் முதல் சனிக்கிழமை. கூடையோடு பேருந்தில் வந்து இறங்கினார். அக்கா வாசலிலேயே மறித்தார்.

"இன்றைக்கு இல்லை."

"எப்போது?"

"சொல்ல முடியாது. கை சொல்லும்."

"பனி உன் கையைக் கேட்டுவிட்டு வராது" என்றார் அவர். ஆனாலும் வெறுங்கூடையோடு திரும்பிப் போனார். இப்படி மூன்று தடவை அந்தக் கிழவரைப் பேருந்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். அண்ணைக்கே மனம் பொறுக்கவில்லை. "பாவம், அவன்ரை கொடியெல்லோ அப்பா, குடுத்துவிடும்" என்று அக்காவின் பின்னால் நின்று கெஞ்சினார். நாலாம் தடவை அக்காவே தொலைபேசி எடுத்து வரச்சொன்னார். அந்த நத்தாரில் அவர் கொண்டுவந்த போத்தலில் பென்சிலால் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தார்: நாற்பது வருடமாக நான் அவசரப்பட்டிருக்கிறேன்.

அக்கா அதை ஒரு வாயும் குடிக்கவில்லை. பியர் எப்படி இருக்கும் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

சில வருடங்கள் கழித்து அந்த மனிதர் எங்கள் பிரிவுக்கே வந்துசேர்ந்தார். இருதயம் பலவீனம், கால்கள் வீங்கியிருந்தன. நாலாம் அறை. அக்காவைக் கண்டதும், "என் கொடியை வெட்டிவிட்டாயா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவருக்கு ஒரே மகள். வடக்கே, விமானம் மாறிப் போகவேண்டிய ஒரு சிறிய ஊரில் ஆசிரியை. கணவர் நோயாளி, இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் விட்டுவிட்டு வர முடியாத நிலை. ஜூலையில் வந்து தகப்பனோடு இரண்டு நாட்கள் இருந்தார். புறப்படும்போது தாழ்வாரத்தில் அக்காவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் துணி வண்டியோடு பக்கத்தில் நின்றேன்.

"அம்மா போனபோது நான் வந்து சேரவில்லை. நாலு மணித்தியாலம் பிந்திவிட்டேன்" என்றார். "இங்கே வந்து கிழமைக்கணக்காக உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. ஒருமுறைதான் வரமுடியும். நீங்கள் அறிவீர்கள் என்று அப்பா சொல்கிறார். ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும். சொல்வீர்களா?"

பிறந்தநாளுக்கே வாக்குக் கொடுக்காதவர், "ஓம்" என்றார். "சொல்லுவேன்."

அன்று மாலை பேருந்துத் தரிப்பிடத்தில், "ஏன் அக்கா ஒத்துக்கொண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவ அப்பிடிக் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை என்னெண்டு தம்பி இல்லையெண்டு சொல்லுறது?"

அவ்வருடம் ஓகஸ்ட் முழுக்க மழை. காய் முற்றப் பிந்தியது. அக்கா தினமும் காலையில் ஒரு காயைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். கிழவரைக் கழுவித் துடைத்த பின் அதை அவருடைய உள்ளங்கையில் வைப்பார். அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார். "இன்னும் இல்லை" என்பார். "இன்னும் இல்லை" என்பார் அக்காவும். பிறகு பாதங்களைப் பிடித்துப் பார்ப்பார். வெளியே வந்து, "இன்னும் நாள் கிடக்கு" என்பார். சில நாட்களில் அது கொடியைப் பற்றியா ஆளைப் பற்றியா என்று நான் கேட்க வேண்டியிருந்தது.

வடக்கேயிருந்து மகள் இரண்டு நாளைக்கு ஒருமுறை அழைத்தார். அக்காவைத்தான் கேட்பார். வரட்டுமா? இன்னும் இல்லை. சரி.

செப்டம்பர் இரண்டாம் கிழமை ஒரு வியாழக்கிழமை, அக்கா கொண்டுவந்த காயைக் கிழவர் அழுத்தினார். விட்டார். காய் எழும்பி உருண்டு வந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்றைக்கு" என்றார்.

"இன்றைக்கு" என்றார் அக்கா. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னேரத்துக்குப் பிறகு மழை, அடுத்த நாள் உறைபனி என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். பதினொரு மணியோடு விடுப்புக் கேட்டுக்கொண்டு புறப்பட ஆயத்தமானார். அந்த நேரம் பார்த்து மகள் அழைத்தார். அன்று மதிய விமானத்தில் ஒரு இடம் இருக்கிறது, புறப்படட்டுமா என்று கேட்டார். அக்கா மேலங்கியைப் போட்டுக்கொண்டே, "இன்னும் நாள் இருக்கிறது" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். என்னைப் பார்த்து, "தம்பி, பின்னேரம் ஒரு பை நிறையக் கொண்டுவாறன், கட்டிலிலை கொட்டிக் காட்டவேணும் அவருக்கு" என்றார். அவர் அவ்வளவு வேகமாகப் படியிறங்கியதும் வழக்கமில்லாதது.

மாலை வேலைக்கு ஆள் வரவில்லை; நானே தொடர்ந்து நின்றேன். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நாலாம் அறைக்குப் போனபோது மூச்சு மாறியிருந்தது. நீளமாக இழுத்து, நின்று, பிறகு இழுத்தது. போர்வையை விலக்கிப் பார்த்தேன். முழங்காலில் நீலமாகப் படர்ந்திருந்தது. இத்தனை வருடத்தில் அது என்னவென்று எனக்கும் தெரியும்.

மகளின் இலக்கம் அறையின் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. அவருக்கே தொலைபேசி எடுத்திருக்கலாம். நான் அக்காவின் வீட்டுக்கு எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அவர் ஏணியில் நின்றிருப்பார். அண்ணை ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார். திரும்பவும் எடுத்தேன். பொறுப்புத் தாதி வந்து எட்டிப் பார்த்தார்.

"அவள் என்ன சொன்னாள்?"

"இன்னும் நாள் இருக்கிறது என்றார்."

"அப்படியானால் மாலையில் பார்ப்போம்" என்று போய்விட்டார். ஒரு கையை நம்பி எல்லோரும் தங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். இரண்டு பத்து என்று குறிப்பேட்டில் எழுதினேன். எழுதுவதற்கு நேரம் இருந்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன் அக்கா நனைந்துகொண்டு வந்தார். கையில் பை. அறை முழுதும் அந்த மணம் வந்தது. கிழவரைப் பார்த்ததும் பையைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டுப் பாதத்தைப் பிடித்தார். எடுத்தார். விரல்கள் பிசினால் மஞ்சளாகி ஒன்றோடொன்று ஒட்டின. கைகழுவும் தொட்டியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். அது போகவில்லை. திரும்பவும் தேய்த்தார். பிறகு தேய்ப்பதை விட்டுவிட்டார்.

"மகளுக்கு எடுங்கோ" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

எடுத்தேன். அந்த ஊரிலிருந்து மாலையில் விமானம் இல்லை. முதல் விமானம் மறுநாள் காலை. மகள் தொலைபேசியைத் தகப்பனின் காதருகே பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மகள் ஏதோ பேசினார், நெடுநேரம். நான் கேட்காமலிருக்க முயன்றேன். ஏழரைக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் மதியம் மகள் வந்தார். அக்காவுக்கு அன்று வேலையில்லாத நாள். ஆனாலும் வந்து தாழ்வாரத்தில் நின்றார். மகள் அறைக்குள் போய் இருந்துவிட்டு வெளியே வந்தார்.

"கடைசியில் யாராவது பக்கத்தில் இருந்தார்களா?"

"நான் இருந்தேன்" என்றார் அக்கா.

மகள் தலையசைத்தார். "நேற்று மதியம் எனக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சரியாகச் சொல்லிவைக்க வேண்டும் என்பதுபோலச் சொன்னார். பிறகு அக்காவுக்குக் கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டு, தகப்பனின் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அக்கா அதைப் பற்றி ஏழெட்டுக் கிழமைக்குப் பேசவில்லை. நவம்பரில் ஒரு காலை, உடுப்பு மாற்றும் அறையில், ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, கை பிழைக்கேல்லை."

நான் என் சப்பாத்துக் கயிற்றைப் பாதியில் விட்டு நிமிர்ந்தேன்.

"அண்டைக்குக் காலமை பெருவிரல் குளிராத்தான் இருந்தது. ராவு போர்வை விலகிக் கிடந்திருக்கும் எண்டு நினைச்சன். ஏன் அப்பிடி நினைச்சன் தெரியுமோ? காய் முத்தினதைச் சொல்லேக்கை அந்த மனிசன் சிரிச்ச சிரிப்பு. பிடுங்கிக் கொண்டுவந்து காட்டவேணும் எண்டுதான் என்ரை எண்ணம் முழுக்க. கை சொன்னது. நான் கேக்கேல்லை."

"எனக்கும் ரெண்டு மணிக்குத் தெரியும் அக்கா" என்றேன். "நான் எடுக்கேல்லை."

"நீங்கள் என்னை நம்பினனீங்கள்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

அதன் பிறகு அக்கா மாறிப்போனார். யாருக்காவது இரண்டு நாள் சாப்பாடு இறங்காவிட்டால், "பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ" என்பார். பாதத்தைத் தொடுவார், தொட்டதுமே எடுத்துவிடுவார். பேர்கன் நகரத்திலிருந்து ஒரு மகன் குடும்பத்தோடு வந்து ஐந்து நாட்கள் உட்கார்ந்திருந்தார்; ஆறாம் நாள் அவருடைய தாய் எழும்பி மீன் உருண்டை கேட்டுச் சாப்பிட்டாள். ஆறாம் அறைக் கிழவிக்காக அவளுடைய பேத்தியை அக்கா இரண்டு தடவை வரவழைத்தார். பொறுப்புத் தாதி அக்காவை அறைக்குக் கூப்பிட்டு, இனி உறவினருக்கு அறிவிப்பது தன் வேலை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்.  தமிழ்க் கடையில் மாம்பழத்தைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு வந்தார், கடைக்காரர் என்னிடம், "அக்காவுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

நத்தாருக்கு வடக்கேயிருந்து மகள் கடிதம் எழுதியிருந்தார். தகப்பனின் பியர்ச் செய்முறை எழுதிய தாள் பெட்டிக்குள் இருந்ததாம். கணவருக்கு இப்போது கொஞ்சம் நடமாட முடிகிறது. அடுத்த வருடம் இருவருமாகக் காய்ச்சிப் பார்க்க ஆசை. அப்பாவின் கொடியிலிருந்து காய் அனுப்புவீர்களா? முற்றியபோது அனுப்பினால் போதும், எந்த அவசரமும் இல்லை. அக்கா அந்தக் கடிதத்தை என்னிடம் தந்து, வாசிக்கச்சொல்லி, கடைசி வரியைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார்.

அடுத்த ஓகஸ்ட், நடுப்பகுதி, ஒரு ஞாயிறு காலையில் தொலைபேசி வந்தது. "தம்பி, இண்டைக்குப் பிடுங்குவம். ஒருக்கா வாறீங்களோ?"

பேருந்தில் லோறென்ஸ்கூக்குக்குப் போனேன். நல்ல வெயில், மழைக்குறியே இல்லை. அக்கா ஏற்கெனவே ஏணியின் உச்சியில் நின்றார். கீழே கூடை கால்வாசி நிறைந்திருந்தது. காய்கள் பச்சைப் பசேலென்று, ஈரமாக, பாரமாக இருந்தன. வெட்டிய புல் மணந்தது.

ஏணியைப் பிடித்திருந்த அண்ணை என்னைக் கண்டதும், "நீர் ஒருக்காச் சொல்லும்" என்றார் தணிந்த குரலில். "இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. எனக்கே தெரியுது. இவவுக்குத் தெரியாதோ?" பிறகு மேலே பார்த்துச் சத்தமாக, "இஞ்சரப்பா, இது இன்னும் பிஞ்சு!" என்றார்.

"தெரியும்" என்றார் அக்கா. "கிடக்கட்டும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் பிடுங்கிறீர்?"

 மேலிருந்து கொடியைப் பிய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. கீறல் விழுந்த கைகள் நிற்காமல் வேலை செய்தன. நானும் எட்டிய கயிற்றைத் தளர்த்தி இழுத்துப் பிடுங்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில், "தம்பி" என்றார். "அந்தப் பிள்ளைக்கு ஒருக்கா எடுத்து, அனுப்புறம் எண்டு சொல்லிவிடுங்கோ."

"இன்னும் பிடுங்கி முடியேல்லையே அக்கா. காயவும் வைக்கவேணும்."

"இப்பவே எடுங்கோ."

எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே மகள் பேசினார். ஒஸ்லோவிலிருந்து இன்னார் என்றேன், உங்கள் அப்பாவின் காய் பிடுங்குகிறோம், காய்ந்ததும் வந்துசேரும் என்றேன்.

"இப்போதா?" என்றார் அவர். "ஓகஸ்ட்டிலா? செப்டம்பருக்கு முன்னால் தொடவே கூடாது என்று அப்பா சொல்வாரே."

நான் ஏணியைப் பார்த்தேன். அக்கா பிடுங்குவதை நிறுத்திவிட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி நின்றார்.

"இந்த வருடம் வெயில் அதிகம்" என்றேன். "முன்னதாகவே முற்றிவிட்டது."

"அப்படியா" என்றார் மகள். பிறகு, "அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்" என்றார்.

தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"என்ன சொன்னவ?" என்று மேலிருந்து கேட்டார் அக்கா.

"சந்தோசம் எண்டு சொன்னவ, அக்கா."

"பிந்திப்போச்சு எண்டு சொல்லேல்லையே?"

"இல்லை, அக்கா" என்றேன். "பிந்தேல்லை."

அண்ணை என்னைப் பார்த்தார். ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து காய்கள் திரும்பவும் விழத் தொடங்கின.